கணினி எண்ணும் நொடிகள்



கைக்கடிகாரம் இல்லாமலேயே, வெயில் விழும் நிழலைப் பார்த்துப் பால் எடுக்கும் நேரத்தைச் சொன்னவர்கள் நம் பெரியோர். இன்று பிள்ளைகளின் கையில் இருக்கும் தொலைபேசியும் பள்ளியில் இருக்கும் கணினியும் நேரத்தை எவ்வாறு குறித்து வைக்கின்றன என்பதைச் சற்றுப் பார்ப்போம். பிள்ளைகளுக்குச் சாதகம் எழுதும் குடும்பங்களுக்கும் இதில் செய்தி உண்டு.

கணினி பெரும்பாலும் நாள், மாதம், மணி என்று எழுதி வைப்பதில்லை. 1970 ஜனவரி முதல் நாள், உலகப் பொது நேரப்படி நள்ளிரவு. அன்று தொடங்கி எத்தனை நொடிகள் கடந்தன என்ற ஒரே எண்ணை வைத்துக்கொள்கிறது. அதற்கு முன் நடந்தவற்றுக்குக் கழித்தல் குறி போட்டுக்கொள்ளும். நூறு கோடியாவது நொடி 2001 செப்டம்பர் 9ஆம் நாள் வந்தது. அப்போது நம் நாட்டில் காலை மணி 9.46, சென்னையில் 7.16, லண்டனிலோ இன்னும் விடியவில்லை, 2.46தான். கடிகாரங்கள் மூன்று, எண் ஒன்று.

கணினிக்குக் கட்டளை எழுதும் மொழிகள் பல. அவை எல்லாம் ஒரே அளவுகோலைப் பிடிப்பதில்லை. சி மொழியிலும் பைதானிலும் நொடிக் கணக்கு வழக்கம்; பைதான் நொடியின் பின்னத்தையும் தரும். ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் நொடியை ஆயிரமாகப் பிரித்து மில்லி நொடியில் எண்ணுகின்றன. பவுண்டில் நிறுத்ததைக் கிலோ என்று எழுதிக்கொண்டால் கணக்கு என்னவாகும்? அதே கதைதான். அந்த நூறு கோடியை அப்படியே ஜாவாஸ்கிரிப்டிடம் கொடுத்தால், அது 1970 ஜனவரி 12 என்று சொல்லும். முப்பத்தோர் ஆண்டுகள் பறந்துபோகும்! கணினி பயிலும் மாணவர்கள் இலக்கங்களை எண்ணிப் பார்க்கலாம். இக்காலத் தேதிக்குப் பத்து இலக்கம் இருந்தால் நொடி, பதின்மூன்று இருந்தால் மில்லி நொடி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற ஆயிரத்தால் பெருக்கவோ வகுக்கவோ வேண்டும், அவ்வளவே.

அளவைவிடச் சிக்கலானது ஊர் நேரம். இப்போது மலேசிய நேரம் உலகப் பொது நேரத்தைவிட எட்டு மணி முந்தியது. எப்போதும் அப்படி இருந்ததா? இல்லை. 1981 டிசம்பர் 31ஆம் நாள் இரவு 11.30க்குத் தீபகற்பத்தில் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளி, பன்னிரண்டு என்று வைத்தார்கள். சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கவே இந்த ஏற்பாடு. அதற்கு முன் நாம் ஏழரை மணிதான் முந்தியிருந்தோம். சிங்கப்பூரும் அப்போதே மாறியது.

1975இல் தோட்ட மருத்துவமனையில் காலை 6.10க்கு ஒரு பெண் பிறந்தார் என்று வைத்துக்கொள்வோம். இன்றைய கணக்கில் அது 6.40. வெறும் 'எட்டு மணி' என்று எடுத்துக்கொள்ளும் கணினி அரை மணி பிசகிவிடும். லக்கினம் ஏறக்குறைய இரண்டு மணிக்கு ஒருமுறை மாறுவது. எல்லையில் பிறந்தவருக்கு அரை மணியில் லக்கினமே மாறிவிடும். சாதகத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். நம்பிப் பெண் பார்க்கப் போகிறவர்களுக்குக் கணக்காவது சரியாக இருக்க வேண்டாமா?

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. பூச்சியம் என்ற எண்ணைக் கோலாலம்பூர் நேரத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். 1970 ஜனவரி முதல் நாள் காலை 7.30 என்று வந்தால் அந்தக் கணினிக்கு நம் பழைய நேரம் தெரியும். 8.00 என்று வந்தால் தெரியாது. ஆகவே கட்டளை எழுதும் பிள்ளைகள் வெறும் எட்டு என்று கொடுக்காமல் ஊர்ப்பெயரைக் கொடுக்க வேண்டும். எந்த ஆண்டில் எந்த ஊரில் எந்த நேரம் என்ற அட்டவணையைக் கணினி அறிஞர்கள் தொகுத்து வைத்திருக்கிறார்கள்.

ஜப்பானியர் ஆட்சியில் பிறந்த பாட்டி, தாத்தா உங்கள் வீட்டில் இருந்தால் இன்னொன்றும் கவனியுங்கள். அப்போது இங்கே நடந்தது தோக்கியோ நேரம். அவர்கள் பிறந்த நேரத்தை அந்நாள் கடிகாரம் பார்த்து எழுதியிருந்தால், இன்றைய கணக்குக்கு ஒரு மணி நேரம் கழித்துக்கொள்ள வேண்டும்.