மாதம் முப்பது மாத்திரை

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். இளவயதில் வரும் ரத்தப் புற்றுநோயைப் பற்றி என்னைப் பேசச் சொன்னதற்குக் காரணம், என் தங்கை மகனுக்கு அது வந்து, அவன் ஃபைலைத் தூக்கிக்கொண்டு பதினோரு வருடமாகக் கூடவே அலைகிறேன் என்பதுதான்.

அப்போது அவனுக்கு வயது 26. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. சாயங்காலமானால் அசதி. இடது விலாவுக்குக் கீழே ஒரு கனம். இரண்டு இட்லியிலேயே வயிறு நிறைந்துவிடும். கேஸ் என்று நினைத்து சோடா குடித்துக்கொண்டிருந்தான். ரத்தம் பார்த்தபோது வெள்ளையணு 1,80,000. இருக்க வேண்டியது 4,000 முதல் 11,000 வரை. விஷயம் தெரிந்த அதே வாரம், அவன் பெயரில் மனைக்குக் கட்டிவந்த தவணையை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். யாரும் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவன் கணக்கை முடித்துவிட்டார்கள் என்று எனக்குப் புரிந்தது. அவனுக்கும் புரிந்தது.

அவனுக்கு வந்தது க்ரானிக் மைலாய்டு லுகேமியா, சுருக்கமாக சி.எம்.எல். ரத்தப் புற்று என்பது ஒரே நோய் இல்லை. அக்யூட் என்று தொடங்குபவை வேகமானவை; அவற்றில் ஒரு நாளைக்கூட வீணாக்கக் கூடாது. அதே நாளில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சி.எம்.எல். மெதுவாக வளர்வது. மேலைநாடுகளில் இது பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருகிறது. நம் நாட்டில் முப்பது, நாற்பது வயதுக்காரர்களுக்கே நிறைய வருகிறது.

இதன் வேர் 1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் தெரிந்தது. பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர், இந்த நோயாளிகளின் ரத்த அணுவில் ஒரு குரோமோசோம் குட்டையாக இருப்பதைப் பார்த்தார்கள். 1973இல் ஜேனட் ரவுலி என்ற பெண்மணி, 9ஆம் குரோமோசோமின் துண்டும் 22ஆம் குரோமோசோமின் துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தார். எங்கள் பாஷையில் சொன்னால், ஒருவர் வரவு இன்னொருவர் கணக்கில் ஏறிவிட்டது. அந்தத் தப்பான ஒட்டுதலிலிருந்து பிறக்கும் புரதம், வெள்ளையணுவைப் பெருக்கு பெருக்கு என்று ஓயாமல் உத்தரவு போடுகிறது. அந்தப் புரதத்தை அடைக்கும் மாத்திரைதான் இமாடினிப். 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த மாத்திரையைத் தொடக்கத்திலிருந்தே சாப்பிட்டவர்களைத் தொடர்ந்து பார்த்ததில், பத்து வருடம் கழித்து நூற்றுக்கு 83 பேர் உயிரோடு இருந்தார்கள். அதற்கு முன்பு எலும்பு மஜ்ஜை மாற்றினால்தான் பிழைப்பு என்ற நிலை.

இனி வருவது எனக்குப் பிடித்த பகுதி, பண விஷயம். நோவார்டிஸ் கம்பெனியின் 'கிளிவெக்' ஒரு மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். நம் நாட்டுக் கம்பெனிகள் அதையே எட்டாயிரம், பத்தாயிரத்துக்குக் கொடுத்தன. நோவார்டிஸ் காப்புரிமை கேட்டு 1998இல் விண்ணப்பித்தது வேறெங்கும் இல்லை, நம் சென்னை காப்புரிமை அலுவலகத்தில். மும்பையின் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கம் எதிர்ப்பு மனு போட்டது. 2006இல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. தெரிந்த மருந்தையே கொஞ்சம் உருமாற்றிப் புதுசு என்று காட்டினால், அதனால் நோய்க்குக் கூடுதல் பலன் இருப்பதை நிரூபிக்க வேண்டும் என்கிறது நம் சட்டத்தின் 3(டி) பிரிவு. அந்தப் பிரிவே செல்லாது என்று கம்பெனி சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2007 ஆகஸ்டில் தள்ளுபடி. கடைசியாக 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. கம்பெனி பல நோயாளிகளுக்கு இலவசமாகவும் மருந்து கொடுத்துவந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் தானமாக வரும் மாத்திரை வேறு, சம்பளத்தில் வாங்க முடிகிற மாத்திரை வேறு. தீர்ப்பு வந்த மறு வருடம்தான் எங்கள் பையனுக்கு நோய் தெரிந்தது. இப்போது மக்கள் மருந்தகங்களின் பட்டியலிலும் இமாடினிப் இருக்கிறது.

மாத்திரை இருக்கிறது, விலையும் இறங்கிவிட்டது. பிறகு என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். தினமும் சாப்பிடுவதுதான் கஷ்டம். காலையில் கண் இமை வீங்கும். ராத்திரியில் கெண்டைக்கால் இழுக்கும். குமட்டும், அதனால் சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் வைத்துக்கொண்டு விழுங்க வேண்டும். தோல் நிறம்கூட வெளுக்கும். "என்னப்பா, கலராயிட்டே, என்ன க்ரீம் போடறே?" என்று கம்பெனியில் கேட்டிருக்கிறார்கள். இவன் என்ன பதில் சொல்வான்?

இரண்டு வருடம் ஒழுங்காகச் சாப்பிட்டான். ரிப்போர்ட் நன்றாக வந்தது. பெண் பார்க்கத் தொடங்கினார்கள். விருந்துக்குப் போன வீட்டில் மாத்திரை அட்டையை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று ஒரு நாள் விட்டான். அது ஒரு வாரமாகி, நான்கு மாதமானது. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது மாமா என்றான். இந்த நோயில் உடம்பு சொல்லாது, பரிசோதனைதான் சொல்லும். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே ஆர்டி-பிசிஆர், அதே முறையில் ரத்தத்தில் செய்வது. தொடக்கத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. அந்த முறை எண் எகிறி நின்றது. நல்ல வேளை, மறுபடி ஆரம்பித்ததும் இறங்கியது. எல்லோருக்கும் அப்படி இறங்குவதில்லை. லண்டனில் 87 நோயாளிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2010இல் வெளியானது. எண்பது சதவீதமோ அதற்குக் குறைவாகவோ மாத்திரை சாப்பிட்டவர்களில் ஒருவருக்குக்கூட நோய் ஆழமாக அடங்கவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள், முப்பதில் ஆறு மாத்திரை. பல வருடம் நோய் அடங்கியிருந்து, டாக்டர் சொல்லி, அடிக்கடி பரிசோதனையோடு நிறுத்திப் பார்ப்பவர்கள் உண்டு. அது தனி விஷயம்.

கல்யாணப் பேச்சில் மறைக்கலாமா என்று வீட்டில் பெரிய சண்டையே நடந்தது. மறைத்தால் மாத்திரையையும் மறைக்க வேண்டிவரும், மறைத்த மாத்திரை ஒரு நாள் விட்டுப்போகும் என்று நான் சொன்னேன். இரண்டு இடம் தட்டிப்போனது. மூன்றாவது வீட்டில் பெண்ணே ஃபைலை வாங்கிப் படித்துவிட்டு, இவனோடு டாக்டரிடம் வந்து நாலு கேள்வி கேட்டாள். இன்று ராத்திரி மாத்திரை எடுத்துக் கொடுப்பது அவர்கள் மகள். ஒன்று மட்டும் கவனம்: நோய் பெண்ணுக்கு வந்திருந்தால், கர்ப்பம் தரிக்கும் முன்பே டாக்டரிடம் பேசியாக வேண்டும். கர்ப்ப காலத்தில் இந்த மாத்திரை ஆகாது.

தோல் தொழிலால் வந்ததா என்று நம் ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். சி.எம்.எல்.லுக்கு உறுதியாகத் தெரிந்த வெளிக்காரணம் அதிகக் கதிர்வீச்சு. ஆனால் கேள்வி தப்பில்லை. பென்சீன் கலந்த பசை பயன்படுத்திய இஸ்தான்புல் செருப்புத் தொழிலாளர்களிடம் அக்யூட் வகை லுகேமியா அதிகம் இருப்பதை, முசாஃபர் அக்சோய் என்ற டாக்டர் 1974இல் எழுதினார். பசை போடும் இடத்தில் வேலை செய்யும் பிள்ளைகள் இருந்தால், டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது, காற்றோட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கடைசியாகச் சில தகவல்கள். வேலூர் சி.எம்.சி.யின் ரத்தவியல் துறை இப்போது ராணிப்பேட்டை வளாகத்தில் இருக்கிறது. பழக்கத்தில் வேலூர் டவுனுக்குள் போய் நிற்காதீர்கள். சிகிச்சைக்கோ பரிசோதனைக்கோ போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணமே கிடையாது, கூடப் போகிறவருக்கு 75 சதவீதம் சலுகை. அதற்கு ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் வாங்கி, ஜோலார்பேட்டை கவுண்டரில் நேரில் கொடுக்க வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உண்டு. நமக்குப் பொருந்தாவிட்டாலும், நம் வாட்ச்மேனுக்கும் வீட்டு வேலைக்கு வருபவர்களுக்கும் பொருந்தும். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் என் வீட்டுக்கு வரலாம். பேனா எப்போதும் சட்டைப்பையில் இருக்கும்.