முற்றத்துப் புல்லும் அண்டை வீட்டுக் கிணறும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் தலைமை இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

ஆண்டறிக்கையும் வரவு செலவும் வாசித்து முடித்தபின் மார்க்க உரை ஒன்று நிகழ்த்துவது நமது வழக்கம். இவ்வாண்டு நான் எடுத்துக் கொண்ட பொருள் சிலருக்கு வியப்பளிக்கலாம். வீட்டின் முன்னால் புல்தரை வளர்ப்பதைப் பற்றிப் பேசப் போகிறேன்.

கடந்த கோடையில் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்ததும் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் என்னிடம் வந்தார். பல்லாண்டுகள் வளைகுடா நாட்டில் உழைத்துச் சேர்த்த பொருளில் வீடு கட்டியவர். வீட்டின் முன்புறம் இரண்டு சென்ட் இடத்தில் கொரியன் புல் பதித்திருக்கிறார். அவருடைய பக்கத்து வீட்டில் ஒரு மூதாட்டி தனித்து வாழ்கிறார். அவர் வீட்டுக் கிணறு அந்தக் கோடையில் வற்றிவிட்டது. தெருவில் பேச்சு எழுந்தது. மனம் நொந்து சகோதரர் கேட்டார்: "ஹஜ்ரத், என் நிலம், என் போர், கரண்டு பில்லும் நான்தான் கட்டுகிறேன். வீட்டுக்கு முன்னால் புல் வளர்ப்பது ஹராமா?" அவருடைய இசைவு பெற்றே இதை இங்கே சொல்கிறேன்.

உடனே மறுமொழி கூற என்னால் இயலவில்லை. ஒரு வாரத் தவணை கேட்டேன். அந்த ஒரு வாரத்தில் படித்தும் விசாரித்தும் அறிந்தவற்றை அவருக்குச் சொன்னேன். அதையே இப்போது உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்தி விடுகிறேன். புல் வளர்ப்பது ஹராம் அன்று. அது முபாஹ், அதாவது அனுமதிக்கப்பட்ட செயல். மூதாட்டியின் கிணறு வற்றியதற்கு அந்தப் புல்தரை மட்டுமே காரணம் என்று அறுதியிட்டுக் கூறவும் முடியாது. மழை குறைந்த ஆண்டு அது; அந்தத் தெருவில் போர்களும் பல. ஆகவே அந்தச் சகோதரரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நீதியாகாது. ஆனால் முபாஹான செயலும் அளவு கடந்தால் இஸ்ராஃப் என்னும் வீண் விரயமாகிவிடும். நாம் எடை போட வேண்டியது அந்த அளவைத்தான்.

அளவைப் பார்ப்போம். வெயில் கடுமையான நாளில் புல்தரையிலிருந்து ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் உயரத்திற்கு நீர் ஆவியாகிப் போகும். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் உயரம் நின்றால் அது 1 லிட்டர். இரண்டு சென்ட் என்பது சுமார் 81 சதுர மீட்டர். ஆகவே அந்தப் புல் பசுமையாக நிற்க நாளொன்றுக்கு 400 லிட்டர் வேண்டும். 15 லிட்டர் குடத்தால் அளந்தால் 26 குடங்களுக்கும் மேல். நம் நாட்டின் நகரக் குடிநீர்த் திட்டங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கிடுகிறார்கள். ஆக, மூன்று பேர் குடித்து, சமைத்து, குளித்து, துவைக்கும் நீரை இரண்டு சென்ட் புல் ஒரு நாளில் குடித்து விடுகிறது.

நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் ஒளுச் செய்தார்கள் என்பதை மக்தபில் ஓதும் பிள்ளைகளும் அறிவார்கள். முத்தின் அளவில் மத்ஹபுகளிடையே சிறு வேறுபாடு உண்டு. எப்படிக் கணக்கிட்டாலும் அது ஒரு லிட்டரை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோதான் வரும். அந்த அளவையால் பார்த்தால், ஒரு நாளைக்கு அந்தப் புல் அருந்துவது 400 பேர் ஒளுச் செய்யும் நீர். நம் பள்ளியில் ஜும்ஆவுக்கு நிற்கும் ஸஃப்புகளை எண்ணிப் பாருங்கள்!

புல்தரை எங்கிருந்து வந்தது?

இந்தப் பழக்கம் நம் மண்ணில் பிறந்ததன்று. இங்கிலாந்தின் பெருநிலக்கிழார்கள் தம் மாளிகைகளின் முன் விளைச்சல் இல்லாத பரந்த நிலத்தைப் புல்லாக விட்டு வைத்தார்கள். பயிரிட வேண்டிய தேவை எனக்கில்லை என்று காட்டும் செல்வச் செருக்கு அதில் இருந்தது. அங்கே ஆடுகள் மேய்ந்தும், ஆட்கள் அரிவாளால் அரிந்தும் புல்லை ஒழுங்குபடுத்தினர். 1830-ஆம் ஆண்டு எட்வின் பட்டிங் என்பவர் புல்வெட்டும் எந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றபின் நடுத்தர மக்களும் புல்தரை வளர்க்கலாயினர். ஒன்றை மறக்கக் கூடாது: அந்த நாட்டில் ஆண்டு முழுதும் மழை தூறுகிறது. அந்தப் புல்லுக்கு நீர் வார்த்தது வானம்.

அப்பழக்கம் அமெரிக்காவுக்குச் சென்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1947 முதல் நியூயார்க் அருகே லெவிட்டவுன் என்னும் குடியிருப்பில் ஆயிரக்கணக்கான வீடுகள் ஒரே அச்சில் எழுந்தன. ஒவ்வொன்றின் முன்னும் புல்தரை. அதை ஒழுங்காக வெட்டி வைப்பது வீடு வாங்குவோர் ஏற்க வேண்டிய நிபந்தனைகளுள் ஒன்று. இவ்வாறு பரவிய புல்லின் பரப்பை 2005-இல் வெளியான ஓர் ஆய்வு செயற்கைக்கோள் படங்களின் துணையுடன் மதிப்பிட்டது. வீடுகள், பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள் அனைத்தும் சேர்த்து ஏறத்தாழ 1,63,000 சதுர கிலோமீட்டர்! நம் தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர்தான். ஒரு மாநிலத்தைவிடப் பெரிய நிலத்தில், மனிதனும் கால்நடையும் உண்ணாத ஒரு பயிர்.

பாலைவனம் கற்ற பாடம்

அந்த நாட்டின் நெவாடா மாநிலத்தில் லாஸ் வேகஸ் என்னும் நகரம் இருக்கிறது. அதன் கேளிக்கைகளைப் பற்றி நமக்குப் பேச்சில்லை. அதன் நீரைப் பற்றித்தான் பேசுகிறேன். ஆண்டுக்கு நான்கு அங்குலம் அளவே மழை பெய்யும் பாலைவனம் அது. நீரில் பத்தில் ஒன்பது பங்கு கொலராடோ ஆற்றிலிருந்து, மீட் என்னும் ஏரி வழியாக வருகிறது. அங்கும் வீடுதோறும் புல்தரை வைத்தார்கள்.

அவ்வூரில் சமையலறையிலும் குளியலறையிலும் பயன்பட்ட நீரைத் தூய்மைப்படுத்தி மீண்டும் அதே ஏரிக்கு அனுப்பி விடுகிறார்கள். ஆகவே வீட்டுக்குள் புழங்கும் நீர் பெரும்பாலும் திரும்பி வந்து விடுகிறது. முற்றத்துப் புல்லுக்குப் பாய்ச்சிய நீரோ காற்றில் கலந்து போகிறது. இதை உணர்ந்த நீர் ஆணையம், புல்லைப் பெயர்த்துவிட்டு வறட்சி தாங்கும் செடிகளை நடுவோருக்கு 1999 முதல் சதுர அடிக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து வருகிறது. அங்கு நடந்த ஆய்வில், ஒரு சதுர அடிப் புல்லுக்கு ஆண்டுக்குச் சுமார் 276 லிட்டரும், வறட்சி தாங்கும் தோட்டத்திற்குச் சுமார் 65 லிட்டரும் செலவாவது தெரிய வந்தது. நான்கில் ஒரு பங்கைவிடக் குறைவு!

2021-இல் அம்மாநிலம் சட்டம் ஒன்றை இயற்றியது. அலுவலக வளாகங்கள், சாலை நடுத்திட்டுகள் போன்ற இடங்களில் வெறும் அழகுக்காக இருக்கும் புல்லுக்கு 2027 ஜனவரி முதல் ஆற்று நீரைப் பாய்ச்சக் கூடாது என்பது அதன் விதி. பிள்ளைகள் விளையாடும் புல்லுக்கு விலக்கு உண்டு. தனி வீடுகளையும் சட்டம் தொடவில்லை. அதை அவரவர் மனச்சாட்சிக்கு விட்டுவிட்டது. அடுத்த ஆண்டே, 2022 ஜூலையில், மீட் ஏரி 1930-களில் நிரம்பத் தொடங்கிய காலத்திற்குப் பிறகு காணாத அளவு தாழ்ந்தது.

"அது அமெரிக்கக் கதை, நமக்கென்ன?" என்று கேட்கலாம். 2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் நீர் கொண்டு வந்தார்களே! ஒரு நடைக்கு 50 வேகன்களில் 25 இலட்சம் லிட்டர். நாம் முன்னர்க் கண்ட இரண்டு சென்ட் புல்தரை போன்று 6,250 புல்தரைகள் ஒரே நாளில் அதைக் குடித்து முடித்துவிடும்.

வளைகுடாவில் பசுமை பார்த்துத் திரும்பிய சகோதரர்களுக்கும் ஒரு சொல். துபாயின் பூங்காக்களுக்கும் சாலையோரப் புல்லுக்கும் பாய்வது பெரும்பாலும் தூய்மை செய்யப்பட்ட கழிவுநீர். நாம் அதன் அழகை மட்டும் ஊருக்குக் கொண்டு வந்தோம். முறையைக் கொண்டு வரவில்லை. இங்கே குடிக்கத் தகுந்த நிலத்தடி நீரைப் புல்லுக்கு விடுகிறோம்.

நம் முன்னோர் தோட்டக் கலை அறியாதவர்கள் அல்லர். தாஜ்மஹாலின் முன்னுள்ள புல்வெளியை முகலாயர் அமைத்தது என்று பலர் எண்ணுகின்றனர். அது ஆங்கிலேயர் ஆட்சியில், கர்சன் பிரபுவின் காலத்துச் சீரமைப்பில் இந்தத் தோற்றம் பெற்றது. முகலாயர் வைத்தவை கனிமரங்களும் பூச்செடிகளும் நீரோடைகளுமே. நம் பாட்டனார் வீடுகளிலும் முற்றத்தில் மழை இறங்கியது. பாத்திரம் கழுவிய நீர் பின்கட்டு வாழைக்குப் போனது. நீர் ஒரு முறை செலவாகி இரு முறை பயன் தந்தது.

புல்லின் பக்கமும் நியாயம் உண்டு

மறுபக்கத்தையும் சொல்வதே நேர்மை. புல் மண்ணைக் காக்கும், மழைநீரை உள்ளே இறக்கும், புழுதியை அடக்கும். புல்லை எடுத்துவிட்டு முற்றம் முழுவதும் சிமெண்டு பூசுவதும், பேவர் கல் பதித்து இடைவெளியை அடைப்பதும் அதைவிடத் தீங்கானவை. வெப்பம் ஏறும், மழைநீர் சாக்கடைக்கு ஓடும். 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதே, அதன் நோக்கமே இதனால் பாழாகும். நெகிழியால் ஆன செயற்கைப் புல்லோ வெயிலில் கால் வைக்க முடியாதபடி சூடேறும்.

ஆகவே குற்றம் புல்லில் இல்லை. ஒரு செய்தியை நினைவூட்டுகிறேன். வெளிநாட்டார் பெர்முடா புல் என்று விலை கொடுத்து வாங்குவது நம் வரப்பில் வளரும் அறுகம்புல்லின் இனமே. மழை பெய்தால் அது தானே தளிர்க்கும்; கோடையில் காய்ந்து வேரில் உயிரை வைத்திருக்கும்; அடுத்த மழைக்கு மீண்டும் எழும். ஆண்டு முழுதும் பச்சையாகவே நிற்க வேண்டும் என்பது நம் கண்ணின் பேராசை. புல்லின் தேவை அன்று.

நம் ஃபிக்ஹு நூல்களைப் புரட்டினால், நீரும் மேய்ச்சல் புல்லும் நெருப்பும் மக்களுக்குப் பொதுவானவை என்ற வரிசையில் நீரும் புல்லும் அருகருகே நிற்பதைக் காணலாம். நாம் செய்திருப்பது என்ன? பொதுவான நீரை நம் மதிலுக்குள் இழுத்து, எந்த ஆடும் வாய் வைக்க முடியாத ஒரு புல்லுக்கு வார்க்கிறோம். சொந்த நிலத்தில் நீர் இறைப்பவரைச் சட்டம் தடுக்காமல் இருக்கலாம். சட்டத்தில் கூடும் என்பதும், அண்டை வீட்டார் உரிமையை அஞ்சும் உள்ளத்திற்குத் தகும் என்பதும் ஒன்றல்ல.

அந்தச் சகோதரரிடம் இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டேன். உங்கள் புல்லுக்கு நீர் வார்ப்பது மழையா, மோட்டாரா? அதைப் பயன்படுத்துவது கால்களா, கண்கள் மட்டுமா? மழை வார்த்துப் பிள்ளைகள் விளையாடும் புல்லை வைத்துக் கொள்ளுங்கள். மோட்டார் வார்த்துக் கண்கள் மட்டும் பார்க்கும் புல்லைக் கைவிடுங்கள். அந்த இடத்தில் வேம்போ, முருங்கையோ, கொய்யாவோ, நெல்லியோ நடுங்கள். வேரூன்றும் வரை நீர் கொடுத்தால் போதும். பிறகு நிழலும் கனியும் தெருவுக்கும் கிடைக்கும். மரம் நட்டு, அதன் பயனை மனிதரோ பறவையோ நுகர்ந்தால் அது நட்டவருக்குத் தர்மமாகும் என்பது நாம் அறிந்ததே.

அவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பின்னர் பேரப்பிள்ளைகள் விளையாடும் ஒரு மூலையை மட்டும் வைத்துக் கொண்டு எஞ்சியதைப் பெயர்த்தார். ஐந்து மரக்கன்றுகள் நட்டார். மூதாட்டியின் வாசலுக்கு ஒரு குழாயும் இழுத்துக் கொடுத்தார். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் அம்மூதாட்டியின் கிணற்றில் நீர் ஊறியிருக்கிறது. அது மழையாலா, புல் குறைந்ததாலா என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். இரு வீட்டாருக்கும் இடையே ஸலாம் திரும்பிவிட்டது என்பதை மட்டும் அறிவேன்.

இறுதியாக, பிறருக்குச் சொன்னவன் தன் இடத்தையும் பார்க்க வேண்டும். நம் பள்ளியின் குழாய்களில் ஒளுச் செய்த நீர் நாள்தோறும் சாக்கடைக்குப் போகிறது. அதில் சோப்பு இல்லை. மறுபடியும் ஒளுச் செய்யத் தகாதே தவிர, தென்னைக்கும் வாழைக்கும் பாய்ச்சத் தடையில்லை. இத்தனை ஆண்டுகள் இந்த மிம்பரில் நின்றும் இதைச் சொல்லத் தவறியது என் குறை. அடுத்து, புதிய திருமண மண்டபத்தின் வரைபடத்தில் முன்புறம் பெரிய புல்தரை காட்டப்பட்டிருக்கிறது. உங்களிடம் ஊதியம் பெறும் நான் நிர்வாகக் குழுவின் தீர்மானத்தைக் குறை சொல்வது எளிதன்று. ஆயினும் கேட்டுக் கொள்கிறேன்: புல்தரைக்குப் பதிலாக மரங்களையும், மழைநீர் இறங்கும் மண்தரையையும் வையுங்கள். ஒளு நீரை அங்கே திருப்புங்கள். ஜமாஅத் முதலில் செய்தால்தான் வீடுகளைப் பார்த்துச் சொல்லும் தகுதி நமக்கு வரும்.

நாளை மறுமையில் நமக்கு அளிக்கப்பட்ட ஒவ்வோர் அருட்கொடையைப் பற்றியும் கேள்வி உண்டு. அந்த விசாரணையில் நீரும் ஒரு சாட்சியாக நிற்கும் என்று அஞ்சி வாழும் நல்லுள்ளத்தை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.