சன்னல் ஓர இருக்கை

(ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற குடும்ப தின நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆண் பிள்ளைகள் இருவர் மூவர் உள்ள வீட்டார் என்னிடம் அடிக்கடி சொல்லும் குறை ஒன்றுண்டு. "வாத்தியாரையா, இவன்களைக் கூட்டிக்கொண்டு ஓரிடம் போக முடியவில்லை. காரில் ஏறியதும் சண்டை. சன்னல் ஓரம் யாருக்கு என்பதில் தொடங்கி, வீடு திரும்பும் வரை ஓய்வதில்லை. அதனால் இப்போது எங்கும் போவதில்லை. ஆளுக்கொரு கைத்தொலைபேசியைக் கொடுத்துவிட்டோம். வீடு அமைதியாக இருக்கிறது."

இந்த அமைதியைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். பிள்ளைகளின் சண்டையைவிட எனக்கு அதிகம் கவலை தருவது இந்த அமைதிதான்.

நம்மில் பலர் லிங்கி, சிலியாவ், லாபு, பகாவ் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள். அக்காலத்தில் வெளியூர்ப் பயணம் என்பது ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோதான். ஒன்று தைப்பூசம், மற்றொன்று போர்ட்டிக்சன் கடற்கரை. தோட்டத்து லோரி விடியுமுன் பெரட்டுக் களத்துக்கு வந்து நிற்கும். புளிச்சோறும் நெத்திலிச் சம்பலும் கட்டிக்கொண்டு லயமே ஏறும். லோரியின் முன்பக்கம், ஓட்டுநர் கூண்டுக்குப் பின்னால் காற்று முகத்தில் அடிக்கும் இடத்துக்குத்தான் போட்டி. அண்ணன் தம்பிகள் அங்கே முட்டி மோதாத பயணமே கிடையாது. ஆனால் சண்டைக்குப் பயந்து எந்தத் தாயும் பயணத்தை நிறுத்தவில்லை. யாராவது ஒரு பாட்டி உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பார்: "போகும்போது பெரியவன், வரும்போது சின்னவன்!" அத்துடன் வழக்கு முடிந்தது.

அந்தப் பாட்டி பள்ளிக்கூடம் போனவரல்ல. ஆனாலும் பிள்ளைகளின் மனம் அவருக்குத் தெரிந்திருந்தது. பிள்ளை கேட்பது இருக்கையை மட்டுமல்ல. "எனக்கும் இந்த வீட்டில் சமபங்கு உண்டா?" என்றுதான் கேட்கிறான். அதற்கு நாம் தெளிவாகப் பதில் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை அடங்கிவிடும்.

ஞானப்பழத்தின் கதை நாம் எல்லோரும் அறிந்ததே. நாரதர் கொண்டுவந்த கனியை அறுத்துப் பங்கிடலாகாது. உலகை முதலில் சுற்றி வருபவருக்கே பழம். இளையவர் மயிலேறிப் புறப்பட்டார். மூத்தவர் அம்மையப்பரைச் சுற்றி வந்து கனியைப் பெற்றார். இளையவர் கோபித்துக்கொண்டு பழனி மலைக்குப் போய்விட்டார். இந்தத் திருவிளையாடலின் தத்துவத்தை விளக்கும் தகுதி எனக்கில்லை. பெற்றோருக்கு அதில் உள்ள எளிய பாடத்தை மட்டும் சொல்கிறேன். பங்கிட முடியாத ஒன்றைப் பந்தயமாக வைத்தால், ஒரு பிள்ளையின் கையில் கனி இருக்கும்; மற்றொரு பிள்ளை மலைமேல் இருக்கும். நம் வீட்டில் அப்படிப்பட்ட கனி எதுவுமில்லை. சன்னல் ஓர இருக்கையையும் பங்கிடலாம். ஐஸ் கச்சாங்கையும் பங்கிடலாம். "யார் முதலில் ஓடி வருகிறார்களோ அவர்களுக்குத்தான்" என்று நாமே பந்தயம் கட்டாமல் இருந்தால் போதும்.

நடைமுறையில் மூன்று காரியங்களைச் செய்து பாருங்கள்.

முதலாவது, புறப்படுமுன் விதியைச் சொல்லிவிடுங்கள். போகும்போது யார், வரும்போது யார் என்பதை வீட்டு வாசலிலேயே முடிவு செய்யுங்கள். சண்டை மூண்ட பிறகு சொல்லும் விதி, ஒருவனுக்குத் தீர்ப்பாகவும் மற்றவனுக்குத் தண்டனையாகவும் தோன்றும்.

இரண்டாவது, "யாரடா தொடங்கியது?" என்று விசாரிக்காதீர்கள். வகுப்பறையில் அந்தக் கேள்விக்கு இருவரும் ஒரே பதில் சொல்லி நான் கேட்டதில்லை. "அண்ணனைப் பார், எப்படி அடக்கமாக இருக்கிறான்" என்ற ஒப்பீடும் வேண்டாம். காரை ஓரமாக நிறுத்துங்கள், தண்ணீர் கொடுங்கள், வயிற்றுக்கு ஏதாவது கொடுங்கள். பாதிச் சண்டைக்கு வெயிலும் பசியும் நெருக்கமுமே காரணம்.

மூன்றாவது, இருவருக்கும் பொதுவான வேலை ஒன்றைக் கொடுங்கள். சிரம்பானில் கொமுட்டர் இரயில் ஏறினால் பத்துமலை அடிவாரத்திலேயே இறங்கலாம். அங்கே 272 படிகள். ஏறும்போது ஒருவன் எண்ணட்டும், இறங்கும்போது மற்றவன் எண்ணட்டும். கணக்கு ஒத்துவரவில்லையா, இன்னொரு முறை ஏறட்டும்! 2006ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட 140 அடி முருகன் சிலையும் அங்கே இருக்கிறது. போர்ட்டிக்சனுக்கு அருகிலுள்ள தஞ்சோங் துவானுக்கும் செல்லலாம். மார்ச் மாத வாக்கில், சுமத்திராவிலிருந்து கடல் தாண்டி வடக்கே செல்லும் பருந்துகள் அந்த முனையில்தான் கரையேறுகின்றன. வானத்துப் பருந்தை எண்ணும் பிள்ளைகளுக்கு அடுத்தவன் தட்டில் எத்தனை கோழித்துண்டு என்று எண்ண நேரமிராது. அந்த முனைக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. நெகிரி செம்பிலான் கரையில் இருந்தாலும் அது மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தமான நிலம். ஒரே கரையை இரண்டு மாநிலங்கள் சண்டையின்றி வைத்துக்கொண்டிருப்பதையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

சிறு பிள்ளைகளின் சண்டைக்கு இவ்வளவு பேச்சா என்று சிலர் எண்ணக்கூடும். ஆலயப் பணியில் இருப்பதால் பிற்காலத்தையும் நான் பார்க்கிறேன். ஒரே தந்தையின் நினைவு நாளுக்கு மூத்த மகன் ஒரு நாளும் இளைய மகன் வேறொரு நாளும் தனித்தனியே அன்னதானம் பதிவு செய்கிறார்கள். வீட்டுப் பத்திரத்தில் தொடங்கிய பேச்சு கடைசியில் முகம் பாராத நிலையில் முடிகிறது. இப்படிப் பிரிந்தவர்கள் எல்லோரும் சிறுவயதில் சண்டையிட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. சண்டையிட்டு, விட்டுக்கொடுத்து, மீண்டும் ஒரே இலையில் உட்கார்ந்து பழகாதவனுக்குப் பிற்காலத்தில் சமாதானம் செய்யும் வழி தெரியாமல் போகிறது என்றுதான் சொல்கிறேன்.

நம் சமுதாயத்துக்கும் இந்த அனுபவம் உண்டு. தோட்டத் துண்டாடலால் குடும்பங்கள் நிலைகுலைந்த காலத்தில், 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டிய கைகள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கின. தனித்தனியே நின்றிருந்தால் ஒருவரால் ஓர் ஏக்கர் வாங்குவதே கடினம்.

இன்று லயங்கள் குறைந்துவிட்டன. நாம் தாமான்களுக்கு வந்துவிட்டோம். பிள்ளைகளுக்குத் தனி அறை, தனிக் கட்டில், தனித் தொலைபேசி என்று ஆகிவிட்டது. ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு உட்கார அவர்களுக்கு மிஞ்சியிருக்கும் இடம் காரின் பின்னிருக்கை ஒன்றுதான். அதையும் நாம் பறித்துவிட வேண்டாம். வரும் பள்ளி விடுமுறையில் ஒரு நாளாவது அவர்களை அழைத்துச் செல்லுங்கள். சண்டை போடுவார்கள், போடட்டும். மாலையில் வீடு திரும்பும்போது ஒருவன் தோளில் மற்றவன் சாய்ந்து தூங்குவான். அதையும் பார்ப்பீர்கள்.

எல்லாம் வல்ல இறைவன் நம் பிள்ளைகளை ஒற்றுமையுடன் வாழ வைப்பானாக.