வில்லுக்கும் நஞ்சுக்கும் ஒரு மரம்



ஆங்கில இலக்கியம் கற்றவர்கள் ‘யூ’ என்னும் மரத்தைச் சந்திக்காமல் இருந்திருக்க முடியாது. 1751இல் வெளிவந்த தோமஸ் கிறேயின் மயான இரங்கற்பாவில் அதன் நிழல் விழுகிறது. சேக்ஸ்பியரின் ‘மக்பெத்’ நாடகத்தில் சூனியக்காரிகளின் கொப்பரையில் அதன் கிளைத்துண்டுகள் வேகின்றன. தமிழாக்கம் செய்ய முனைபவர் இங்கேதான் தடுமாறுவார். சவுக்கு என்று எழுதினால் கடற்கரை வந்துவிடும். தேவதாரு என்றால் நறுமணம் வந்துவிடும். இம்மரத்துக்கு உரியவையோ மயானமும் நஞ்சும் வில்லும்.

ஊசியிலை மரங்களோடு சேர்த்து எண்ணப்பட்டாலும் இது கூம்புக்காய் காய்ப்பதில்லை. விதையைச் சூழச் சிவந்த கிண்ணம் போன்ற சதை வளரும். அச்சதை ஒன்றே நஞ்சற்றது. பறவைகள் அதனை உண்டு விதையை அப்படியே கழித்துவிடும். இலை, பட்டை, விதை யாவும் கொல்லும். மேய்கின்ற கால்நடைகள் மாண்டதுண்டு.

ஆயினும் வில்லாளனுக்கு இதைப்போல் வாய்த்த மரம் வேறில்லை. உள்ளே இருக்கும் செந்நிற வைரம் அமுக்கத்தைத் தாங்கும். வெளியே இருக்கும் வெளிர்மரம் இழுவையைத் தாங்கும். இரண்டும் சேர்ந்து வரும்படி ஒரே தடியில் வில்லைச் செதுக்கி, வெளிர்ப்பக்கத்தை எதிரிக்கும் வைரப்பக்கத்தைத் தனக்கும் காட்டி வளைப்பான். ஒட்டும் வேலை ஏதுமின்றி இயற்கையே இரு மரங்களை ஒட்டித் தந்ததுபோல! 1991இல் ஆல்ப்ஸ் பனியில் கண்டெடுக்கப்பட்ட, ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதனருகே செதுக்கி முடியாத யூ வில்லொன்று கிடந்தது. 1545இல் மூழ்கி 1982இல் மீட்கப்பட்ட ‘மேரி ரோஸ்’ என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலில் நூற்றுக்கு மேற்பட்ட யூ விற்கள் கிடைத்தன. உள்நாட்டு மரம் போதாமையால், வணிகக் கப்பல்கள் சரக்கோடு விற்றடிகளும் கொண்டுவர வேண்டும் என்று 1472இல் இங்கிலாந்து சட்டமே இயற்றியது.

இனிப் பெயருக்கு வருவோம். ஆங்கில ‘யூ’, ஜேர்மானிய ‘ஐபெ’ ஆகியன ஒரே வேரின் கிளைகள். பழைய நோர்ஸ் மொழியில் ‘ஈர்’ என்ற சொல் மரத்தையும் குறித்தது, வில்லையும் குறித்தது. நமக்கு இது புதுமையன்று. ‘சிலை’ என்பதற்கு வில் என்றும், வில் செய்யும் மரம் என்றும் நம் அகராதிகள் பொருள் கூறுகின்றனவே! கிரேக்கத்தில் ‘தொக்சொன்’ என்பது வில். அம்பில் தடவும் நஞ்சு அதனால் ‘தொக்சிகொன்’ ஆயிற்று. நச்சுத்தன்மையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அதன் வழி வந்ததே. உரோமரான பிளினியோ, யூ மரத்தின் இலத்தீன் பெயராகிய ‘தக்சுஸ்’ என்பதிலிருந்தே நஞ்சின் பெயர் பிறந்தது என்று எழுதி வைத்தார். மொழிநூலார் வில்லின் பக்கமே நிற்கின்றனர். நானும் அப்படியே.

கெல்திக் மொழியில் இம்மரத்துக்கு ‘எபுரோஸ்’ என்றொரு பெயர் இருந்ததென்பது அறிஞர் பலர் கொள்கை. கோல் நாட்டு ‘எபுரோன’ மக்களின் பெயர் அதிலிருந்து வந்ததென்பர். அவர்களுடைய முதிய அரசன் கட்டுவொல்கஸ், கி.மு. 53இல் போரிடவும் ஓடவும் வலுவின்றி யூ நஞ்சால் உயிர்விட்டான் என்று யூலியஸ் சீசர் குறித்திருக்கிறார். தன் குலத்துக்குப் பெயர் தந்த மரத்தாலேயே மாண்டான். சீசர் இந்தப் பொருத்தத்தைக் கண்டதாகத் தெரியவில்லை. யோர்க் நகரின் பழம்பெயரான ‘எபொராக்கும்’ என்பதும் இவ்வேரினதே. பின்வந்த ஆங்கிலோ-சாக்சனியருக்கு அப்பெயர் விளங்கவில்லை. தம் மொழியில் காட்டுப்பன்றியைக் குறிக்கும் ‘எயொபொர்’ அதில் ஒலிப்பதாகக் கொண்டு ‘எயொபொர்விக்’ என்றனர். மரம் பன்றியாயிற்று! நோர்ஸ் மக்கள் அதனை ‘யோர்விக்’ என்றாக்க, அது தேய்ந்து யோர்க் ஆனது.

இம்மர இனத்திலிருந்தே ‘தக்சோல்’ என்னும் புற்றுநோய் மருந்து பிறந்தது. அமெரிக்கப் பசிபிக் கரையின் யூ பட்டையிலிருந்து பிரிக்கப்பட்ட அது, 1992இல் சூலகப் புற்றுநோய்க்கு அங்கே அனுமதி பெற்றது. பட்டை உரித்தால் மரம் சாகும். ஆகவே, வெட்ட வெட்டத் தளிர்க்கும் ஐரோப்பிய யூவின் இலையிலிருந்து மூலப்பொருளை எடுத்து மருந்தாக்கும் வழியை வேதியியலார் கண்டனர்.

இமயமலை யூவின் இலை மருந்துக் கடைகளில் தாளிசபத்திரி என்ற பெயரில் விற்கப்படுவதுண்டு. அப்படியானால் தமிழ்ப் பெயர் கிடைத்துவிட்டதே எனலாம். ஆனால் அப்பெயர் வேறொரு ஊசியிலை மரத்துக்கும் வழங்குகிறது. இருமல் சூரணத்தை நினைவூட்டும் அச்சொல்லை மக்பெத்தின் கொப்பரையில் இட மனம் ஒப்பவில்லை. வகுப்பில் நான் ‘யூ’ என்றே எழுதி, பக்கத்தில் ஒரு வில்லையும் வரைந்துவிடுகிறேன்.