அளவு ஜாக்கெட் இல்லாத உடம்புக்கு ஒரு பேட்டர்ன்

இன்றைக்கு ஒரே ஒரு பிளவுஸைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதைத் தைத்து முடிக்க எங்கள் வீட்டில் மூன்று மாதம் ஆச்சு.

நாங்கள் இருப்பது மந்தைவெளி. மார்க்கெட் பக்கம் ஒரு டெய்லர் அண்ணா இருக்கிறார். அம்மாவுக்கு இருபது வருஷமாக அவர்தான் தைக்கிறார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் அம்மாவை டேப் வைத்து அளந்ததில்லை. உங்கள் வீட்டிலும் அப்படித்தானே? புதுத் துணியோடு அளவு ஜாக்கெட்டைக் கொடுப்போம், "கை மட்டும் அரை இஞ்ச் இறக்கி வெச்சிடுங்க" என்போம், முடிந்தது. உடம்பைத் தொடாமல் உடம்பை அளக்க நம்ம ஊர் கண்டுபிடித்த வழி. ரொம்ப நாகரிகமான வழி என்றுதான் எனக்கு இப்பவும் தோன்றுகிறது.

போன வருஷம் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். இடது மார்பை எடுத்துவிட்டார்கள். சிகிச்சையெல்லாம் முடிந்து, ஒரு கல்யாணத்துக்காகப் புடவை எடுத்தபோதுதான் உறைத்தது. பீரோவில் இருக்கிற அத்தனை அளவு ஜாக்கெட்டும் பழைய உடம்புக்கானது.

என்ன சொல்வதென்று தெரியாமல் அம்மா பழையதையே கொடுத்துவிட்டாள். தைத்து வந்ததில் இடது பக்கம் துணி தொங்கியது. ஊக்கு பட்டி நடுவில் நிற்காமல் வலது பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. இடது கை இறுக்கியது. இதில் கைதான் கவலை. அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்தவர்களுக்குக் கை வீங்க வாய்ப்பு உண்டு, இறுக்கமாக எதுவும் போட வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்வார்கள்.

டெய்லர் அண்ணாவிடம் விஷயத்தைச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தெச்சு, உள்ளே கப் வெச்சிடலாம்மா" என்றார். உண்மையைச் சொன்னால் நானும் அதையேதான் நினைத்திருந்தேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "இடது பக்கத்தைத்தான் முந்தானை மூடிடுதே, யாருக்குத் தெரியப் போகுது? இந்த மெட்ராஸ் வெயில்ல பஞ்சு மூட்டை வேறயா? இருக்கிற உடம்புக்குத் தையுங்க தம்பி."

சரி என்று நான் நெட்டில் தேட ஆரம்பித்தேன். ஃப்ரீசூயிங் என்று ஒரு தளம், பெல்ஜியத்துக்காரர் ஒருவர் தொடங்கியது. அளவுகளைக் கொடுத்தால் பேட்டர்ன் வரைந்து கொடுக்கும், இலவசமாக. அதில் 'பெல்லா' என்கிற மேலுடம்பு பேட்டர்னைப் போட்டுப் பார்த்தேன். அழகாகத்தான் வந்தது, ஆனால் பாதி உடம்புதான். மறுபாதியும் அதேபோல இருக்கும் என்பது அதன் கணக்கு. நிஃப்ட் நிறுவனத்தின் 'இந்தியா சைஸ்' திட்டம் தெரியுமா? 25,000 இந்தியர்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்து நமக்கென்று ஒரு சைஸ் அட்டவணை போடும் திட்டம். ரெடிமேட் வாங்குகிற என் மாதிரி ஆட்களுக்கு நல்லது. அம்மாவுக்கு அதில் இடம் இருக்காது.

டெய்லர் கணக்கும் அதே கதைதான். மார்புச் சுற்றளவை நாலாகப் பிரித்து, தையலுக்குக் கொஞ்சம் சேர்ப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு நானே அளந்தேன். தொண்டைக்குழியிலிருந்து நேர்கீழே ஒரு நூல், முதுகெலும்பு மேல் ஒரு நூல். சுற்றளவை மொத்தமாக எடுக்காமல் நூலிலிருந்து பக்கவாட்டுத் தையல் வரை நாலு துண்டாக அளந்தேன். முன்பக்கம் வலது 10½, இடது 8¾. முதுகில் இரண்டும் 8¾. கூட்டினால் 36¾. அதை நாலாகப் பிரித்தால் ஒன்பதே சொச்சம் வரும். வலது பக்கத்துக்கு அது போதாது, இடது பக்கத்துக்கு அதிகம். பழைய கணக்கு ஏன் ஊக்கு பட்டியை இழுத்தது என்று அப்போதுதான் புரிந்தது. கையைச் சாயங்காலம் அளந்தோம், வீக்கம் இருந்தால் அந்த நேரத்தில்தான் தெரியும். வலது 12, இடது 13¼.

தழும்பை அன்றைக்குத்தான் நான் முழுசாகப் பார்த்தேன். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "எழுதிக்கோ, மறந்துடுவே" என்றாள்.

பிரவுன் பேப்பரில் வலது முன்பக்கம், இடது முன்பக்கம் என்று தனித்தனியாக வரைந்தேன். தோளிலிருந்து மார்புக்குக் கீழ் வரை வலது பக்கம் 14½ இஞ்ச், இடது பக்கம் 13. ஆனால் இரண்டிலும் பக்கவாட்டுத் தையல் ஒரே நீளம்தான் இருக்கணும். அந்த ஒன்றரை இஞ்சை வலது பக்கத்தில் டாட்டாகப் பிடிக்கணும். இடது பக்கத்துக்கு டாட்டே வேண்டாம்.

பட்டில் கை வைக்கும் முன் காடா துணியில் வெட்டி, சும்மா ஓட்டுத் தையல் போட்டுப் பார்த்தேன். போட்டால் எல்லாமே தலைகீழ்! பேப்பரைக் குப்புற வைத்து வெட்டியிருக்கிறேன், இடது வலதாகிவிட்டது. நான் தலையில் அடித்துக்கொள்ள, அம்மா அதைக் கழற்றி உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டு, "இப்போ சரியாத்தானே இருக்கு?" என்றாள். சரியாகத்தான் இருந்தது. இடது அக்குளுக்கு முன்னால் மட்டும் துணி உப்பிக்கொண்டு நின்றது. அந்த இடத்தில் உள்ளே சதை இல்லை. அரை இஞ்ச் கிள்ளி ஊசி குத்தி, பேப்பரிலும் அதே இடத்தை மடித்து ஒட்டினேன். இரண்டாவது காடாவில் அம்மா கையைத் தூக்கி மேல் ஷெல்ஃபில் இருந்த டப்பாவை எடுத்தாள். எதுவும் இழுக்கவில்லை.

பேப்பரை டெய்லர் அண்ணாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "துணியை ரெண்டா மடிச்சு வெட்டித்தான் பழக்கம். இதுக்கு ஒத்தையா விரிச்சு வெட்டணும் இல்ல?" என்றார். டாட் ஒன்றைக் கால் இஞ்ச் நகர்த்தச் சொன்னார். அவர் சொன்னதுதான் சரி.

கல்யாணம் முடிந்துவிட்டது. இப்போதெல்லாம் அம்மா துணியை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறாள், அளவு ஜாக்கெட் கிடையாது. பேப்பர் அவர் கடையில் ஆணியில் தொங்குகிறது. மூலையில் சிவப்புப் பேனாவில் அவர் கையெழுத்து: "மடிக்காதே."