எழுத்து ஒன்று, ஒலி இரண்டு



‘செம்பொன்பதின்றொடி’ என்று ஓலையில் எழுதியிருக்கிறது. ‘செம்பொன் பதின்தொடி’ என்று படித்தால் பத்துத் தொடிப் பொன். ‘செம்பு ஒன்பதின்தொடி’ என்று படித்தால் ஒன்பது தொடிச் செம்பு. எழுத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. ஆனால் வாங்கியவருக்கும் விற்றவருக்கும் வழக்கு உறுதி. எழுத்து ஒன்றாக நின்று பொருள் வேறாகும் இத்தகைய தொடர்கள் இசையால் வேறுபடும் என்று தொல்காப்பியர் புணரியலில் சொல்கிறார். அதற்கு உரையாசிரியர்கள் காட்டிய எடுத்துக்காட்டு இது. அடுத்த நூற்பாவில் அவர் இன்னும் ஒரு படி போகிறார். இவற்றைக் குறிப்பால்தான் உணரவேண்டும், இன்னதென்று காட்டும் கடமை எழுத்துக்கு இல்லை என்கிறார். இலக்கணம் எழுத வந்தவர் எழுத்தின் எல்லையை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

தொடி என்பது ஒரு பலம். நாற்பது பலம் ஒரு வீசை. இந்தப் ‘பலம்’ என்ற சொல்லுக்கே இரண்டு ஒலிப்பு உண்டு. ‘பம்பரம்’ என்று சொல்லிப் பாருங்கள். முதலில் வரும் பகரம் வேறு, மகர ஒற்றை அடுத்து வரும் பகரம் வேறு. நிறுக்கும் பலத்துக்குப் பம்பரத்தின் முதல் பகரம். உடல் பலத்துக்கு இரண்டாம் பகரம். கொளுத்திப் பிடிக்கும் பந்தமும் உறவுப் பந்தமும் அப்படித்தான். நளபாகத்தில் ஒரு பாகம், நாவலின் இரண்டாம் பாகத்தில் வேறொரு பாகம். செய்தால் வந்து சேரும் பாவம் ஒன்று, நாட்டியக்காரர் முகத்தில் காட்டும் பாவம் மற்றொன்று. கச்சேரியில் ஒருவர் பாடி முடிக்கிறார். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறார்கள். இங்கே வல்லினம் மிகவேண்டும் என்று மெய்ப்புத் திருத்துபவர் ‘லாரிக்குப் பாடி’ என்று ஒற்றுப் போட்டுவிட்டால், படிப்பவர் வாயில் லாரி பாட ஆரம்பித்துவிடும்!

இந்த நிலை எப்படி வந்தது? தமிழ்ச் சொற்களில் வல்லின எழுத்தின் ஒலியை அது நிற்கும் இடமே முடிவு செய்கிறது. சொல்லின் முதலில் வன்மையாக ஒலிக்கும், மெல்லினத்தை அடுத்து அதிர்ந்து ஒலிக்கும். 1856-இல் வெளிவந்த ஒப்பிலக்கண நூலில் கால்டுவெல் இதை ஒரு விதியாகவே எடுத்துக்காட்டினார். இடமே ஒலியைச் சொல்லிவிடும்போது இன்னொரு எழுத்து எதற்கு? வடமொழியிலிருந்தும் பின்னர் ஆங்கிலத்திலிருந்தும் வந்த சொற்கள்தாம் அதிரும் பகரத்தைச் சொல்லின் முதலிலேயே கொண்டுவந்து வைத்தன.

இதனினும் பெரிய குழப்பம் ஒன்று முன்பு இருந்தது. எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளி வைக்கவேண்டும் என்பது தொல்காப்பிய விதி. ஆனால் ஏடு எழுதியவர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள். எரியும் ஏரியும் ஒரே வடிவம். கொடுவும் கோடும் ஒரே வடிவம். மெய்க்கும் புள்ளி இல்லை. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கும். 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர் இத்தகைய ஏடுகளை வைத்துக்கொண்டுதான் பாடம் தீர்மானித்தார். நெருப்பா நீரா என்பதை யாப்பையும் பொருளையும் கொண்டு முடிவு செய்யவேண்டிய வேலை அது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டுக்கு வழிசெய்தவர் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர். அவர் போட்ட இரட்டைச்சுழிக் கொம்பைத்தான் இன்று ஒன்றாம் வகுப்புக் குழந்தை எழுதுகிறது.

அப்படியானால் அதிரும் பகரத்துக்கும் ஒரு புது எழுத்து படைத்துவிடலாமே என்பார்கள். நான் உடன்படமாட்டேன். குறில் நெடில் வேறுபாடு தமிழுக்கே உரியது. அதற்கு வடிவம் தந்தது சரி. பகரத்துக்குப் புது வடிவம் தந்தால் பம்பரத்தை எப்படி எழுதுவீர்கள்? தம்பி, அன்பு, கொம்பு எல்லாவற்றின் எழுத்துக்கூட்டும் கலையும். விருந்தாளி வசதிக்காக வீட்டையே இடித்துக் கட்டுவதா? தோத்திர நூல்களையும் கீர்த்தனைப் புத்தகங்களையும் அச்சிட்டவர்கள் எழுத்தின் தலையில் 2, 3, 4 என்று எண் போட்டுக் காரியத்தை முடித்துக்கொண்டார்கள். வேண்டிய இடத்தில் மட்டும் குறி, எவ்வளவு சிக்கனம்!

குறை அகராதிகளில்தான். 1924 தொடங்கி 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியில் இரு பாவங்களுக்கும் ரோமன் எழுத்தில் ஒரே ஒலிபெயர்ப்புத்தான். ஏனெனில் அது எழுத்தைப் பெயர்த்தது, ஒலியை அன்று. வடமொழி மூலத்தைப் பார்த்துத்தான் வேறுபாட்டை அறியமுடியும். வடமொழி அறியாத மாணவர் என்ன செய்வார்? வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளையும், அயல்நாட்டில் வளரும் தமிழ்ப் பிள்ளையும் புத்தகத்தை மட்டுமே நம்பிப் படிக்கின்றனர். பார்வையற்றோருக்கு உரக்கப் படித்துக் காட்டும் கணினிக்கும் எந்தப் பாவம் என்று யாராவது சொல்லித்தர வேண்டும்.

ஆகவே அகராதி தொகுப்போரிடமும் பாடநூல் எழுதுவோரிடமும் என் வேண்டுகோள் இதுதான். இருவகையாய் ஒலிக்கும் சொற்களைத் தனியே பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் ஒலிப்பைக் குறித்துக் கொடுங்கள். ஆசிரியர்களே, நாள்தோறும் ஒரு பக்கமாவது வகுப்பில் பிள்ளைகளை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.