பாரி என்னும் கடற்படைத் தலைவர்

பெங்களூரில் வாழும் நமக்குக் கடல் தொலைவு. மூவாயிரம் அடி உயரத்தில் இருந்துகொண்டு நாம் மாலுமிகளைப் பற்றிச் சிந்திப்பது அரிது. எனினும், விடுதலை பெற்ற பாரதத்தின் கடற்படையைச் சில ஆண்டுகள் தலைமை தாங்கி நடத்திய ஆங்கிலேயர் ஒருவரின் வரலாறு நாம் அறியத்தக்கது. அவர் சர் வில்லியம் எட்வர்ட் பாரி. சென்னைப் பாரிமுனைக்குப் பெயர் தந்த வணிகர் வேறு, இவர் வேறு.

1893இல் பிறந்த பாரி, இளமையிலேயே பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தார். 1939ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள், தென் அமெரிக்காவின் பிளேட் நதி முகத்துவாரத்துக்கு அப்பால் நடந்த போரில் அவர் பெயர் உலகறியலாயிற்று. 'அக்கிலீஸ்' என்னும் கப்பலுக்கு அப்பொழுது அவர் கேப்டன். எதிரே நின்ற ஜெர்மானிய 'கிராஃப் ஸ்பீ'யின் பெரும்பீரங்கிகள் 11 அங்குலம். அக்கிலீஸின் பீரங்கிகளோ 6 அங்குலமே. குண்டுச் சிதறல்களால் மாலுமிகள் நால்வர் மாண்டனர். பாரியும் காயமுற்றார், ஆயினும் கப்பலை நடத்துவதை விடவில்லை. மாண்டிவிடியோ துறைமுகத்தில் அடைக்கலம் புகுந்த கிராஃப் ஸ்பீ, நான்காம் நாள் தன் மாலுமிகளாலேயே தகர்க்கப்பட்டது.

அக்கிலீஸில் பணிபுரிந்தோரில் பெரும்பாலோர் நியூசிலாந்துக்காரர். பின்னர் பாரி அந்நாட்டுக் கடற்படைக்கே தலைமை ஏற்றார். அக்காலத்தில்தான், 1941இல், அது தனிப் பெயர் பெற்றது. இளைய நாடு ஒன்றின் படையை வளர்க்கும் பணி இவ்வாறு அவருக்குப் பழக்கமாயிற்று.

1948இல் அவர் இந்தியாவுக்கு வந்தார். அதே ஆண்டில் அவருடைய பழைய அக்கிலீஸும் 'டெல்லி' என்னும் பெயர் பூண்டு நம் படையில் சேர்ந்தது. பகைவர் குண்டைத் தாம் எதிர்கொண்ட கப்பல், தாம் நடத்தும் படையிலேயே வந்து சேர்வது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

விடுதலைக்குப் பின்னும் அந்நியர் தலைமை ஏன் என்று நேயர்கள் வினவலாம். வினா நியாயமானதே. குடகு நாட்டு வீரரான கரியப்பா 1949இலேயே தரைப்படைத் தலைவரானார். அவர் அதிகாரியாக நியமனம் பெற்றது 1919இல். கடற்படையிலோ, முதல் இந்தியர் அதிகாரியானது 1928இல்தான். கப்பல் வாங்கப் பணம் போதும். கப்பற்கூட்டத்தை நடத்தும் அனுபவத்துக்கு ஆண்டுகள் வேண்டும். நெடுங்காலம் வாயிலை அடைத்து வைத்திருந்த ஆட்சியின் விளைவு அது.

1950ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் நம் கடற்படையின் பெயரிலிருந்து 'ராயல்' என்னும் சொல் நீங்கிற்று. சின்னத்தில் மகுடம் இருந்த இடத்தை அசோகரின் சிங்கங்கள் ஏற்றன. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எமக்கு, ஒரு சொல் நீங்குவதன் எடை தெரியும். மன்னரின் அதிகாரியான பாரியே அன்று குடியரசின் படைக்குத் தலைவராக நின்றார் என்பது நினைக்கத்தக்கது.

1951இல் அவர் விடைபெற்றார். அவருக்குப்பின் பிஸி, கார்லில் என்னும் இரு ஆங்கிலேயர் அப்பதவியில் இருந்தனர். 1958ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள், செங்கற்பட்டில் பிறந்த ராம்தாஸ் கட்டாரி முதல் இந்தியக் கடற்படைத் தலைவரானார். 'டெல்லி' கப்பல் 1961இல் கோவா விடுதலைப் போரில் பங்கேற்று, 1978இல் ஓய்வு பெற்றது. பாரி 1972இல் காலமானார்.

போரில் வென்ற தலைவர்களை உலகம் எளிதில் நினைவுகூரும். பிறர் நாட்டுப் படையை ஆளாக்கி, உரியவர் கையில் சேரும் நாளை நோக்கி உழைப்பது வேறொரு வீரம். அப்பணியின் அளவுகோல் ஒன்றே: பணி முடிந்தபின் அவர் தேவைப்படாமை. அந்த அளவுகோலால் அளந்தால், பாரி குறைந்தவர் அல்லர் என்பதே எம் கருத்து.